மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) விடவேண்டுமா? புத்தாண்டு உணவுக் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே கேள்விகள் குவிந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் டப்பாவில் மிச்சமிருக்கும்போதே ஜனவரி 1 வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல். உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்க இதைவிட மோசமான நாளைக் காலண்டரில் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் தேதியை ஒதுக்கிவிட்டு, தட்டைப் பார்த்தே பதில் எழுதியிருக்கிறேன். நான் நாகர்கோவிலில் உணவு ஆலோசகர். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை, என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் தக்கலையில் ஆசிரியை. வயது 46. சர்க்கரை இருப்பதாகப் போன மாதம்தான் தெரிந்தது. புத்தாண்டு முதல் மரச்சீனியை அடியோடு விட்டுவிடு என்கிறார்கள். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கிழங்குதான்.

இந்த வருடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான், டீச்சர். நம் ஊருக்கும் கிழங்குக்கும் உள்ள உறவு திருவிதாங்கூர் காலத்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது வயிற்றைக் காப்பாற்றியதும் இதுதான். அப்படிப்பட்டதை விஷம்போல் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் கணக்கைப் பார்க்கவேண்டும். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். அதே எடைக் கிழங்கில் 35 கிராமுக்கு மேல். புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. கிழங்கு தின்பதில் குற்றமில்லை. ஒரு குழிவான தட்டு நிறையக் கிழங்கும், ஓரத்தில் இரண்டு கரண்டி மீன் சாறும் என்று தின்பதில்தான் கோளாறு. அதைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் கால் பங்கு கிழங்கு. கால் பங்குக்கு மீன். சாறு மட்டும் போதாது, துண்டும் வேண்டும். மீதிப் பாதிக்கு முருங்கைக்கீரைத் துவரனோ பயற்றங்காய்த் துவரனோ (துவரன் என்றால் தேங்காய்த் துருவல் சேர்த்த பொரியல்). துவரனை முதலில் பாதி தின்றுவிட்டுக் கிழங்கில் கைவைத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கிழங்கு தின்கிற வேளையில் சோறு கிடையாது. நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இன்னொன்று: சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயல்பாகவே உள்ள சயனைடு சேர்மங்கள் குறைவதற்கு நம் பாட்டிமார் கண்ட வழி அது. குக்கரில் தண்ணீர் வற்ற வைப்பவர்கள் கவனிக்க. மேலும், நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஒரேயடியாக உணவைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன், அக்கா. விடியுமுன்னே எழுந்து கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டுப் போவேன். பத்து மணிக்குத்தான் சாப்பாடு. நாள் முழுக்க ஐந்து சாயா ஆகிவிடும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது, தம்பி. கருப்பட்டியில் மணமும் கொஞ்சம் தாதுக்களும் உண்டு; ஆனால் அதுவும் சர்க்கரைதான். சாயாவுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து சாயாவில் ஏறக்குறைய 50 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி தின்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே அதுதான். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. முதல் இரண்டு வாரம் சாயாவுக்கு ஒரு ஸ்பூன், பிறகு அரை ஸ்பூன். நாக்கு முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வரும். புறப்படும்போது வெறும் வயிற்றில் போகாமல் இரண்டு மட்டி வாழைப்பழமாவது தின்றுவிட்டுப் போங்கள். பத்து மணிக்குப் பழங்கஞ்சியும் சிறுபயறும் இருந்தால் அதற்குமேல் என்ன வேண்டும்?

கேள்வி: மேடம், தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று ஒருவர் சொல்கிறார், நஞ்சு என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது? (மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இல்லத்தரசி)

இரண்டு பேரையும் நம்பவேண்டாம். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும், எல்லா எண்ணெயும் சேர்த்து. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் காலியானால் பொரிப்பு அதிகம் என்று பொருள். தேங்காய் அரைத்த கறி வைக்கும் நாளில் தாளிப்புக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் தாராளம். தேங்காய்த் துருவலில் நார்ச்சத்தாவது இருக்கிறது, எண்ணெயில் அதுவும் இல்லை.

கேள்வி: மக்களே, எனக்கு 72 வயது, குளச்சல். பிரஷர் இருக்கிறது. கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. மீனையும் விடச் சொல்கிறாள் மருமகள்.

மீனை விடவே வேண்டாம் பாட்டி, மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) விலை குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. பொரிக்காமல் குடம்புளி போட்டுக் குழம்பு வைத்துத் தின்னுங்கள். கருவாடுதான் சிக்கல். நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். அன்றைக்குத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிறகு வையுங்கள். கஞ்சியில் உப்புப் போடாதீர்கள், ஊறுகாய், அப்பளம் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டலாமா?

ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். வாரம் 150 நிமிடம் வேகமான நடை போதும்; தேரூர் குளக்கரைக்கோ சொத்தவிளை கடற்கரைக்கோ கட்டணம் கிடையாது. வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி சேர்ந்தால் முழுமை.

கேள்வி: அக்கா, என் கணவர் தினமும் குடிப்பவர். ஒன்றாம் தேதி முதல் தொடவே மாட்டேன் என்று ஆலயத்தில் வைத்துச் சத்தியம் செய்யப்போகிறார். நான் என்ன சமைத்துக் கொடுக்கட்டும்?

தங்கச்சி, சமையலை அப்புறம் பார்ப்போம். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கவேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வைட்டமின் பி1 உட்பட என்ன தேவையோ அவர்கள் தருவார்கள். நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் அவருக்கே வந்திருப்பது பெரிய விஷயம், அதைக் குத்திக்காட்டிக் கெடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நேந்திரம் சிப்ஸ் தவிர என்ன கொடுக்கலாம்?

பொங்கல் சமயம் பனங்கிழங்கு வரும், அவித்துக் கொடுங்கள். மற்ற நாளில் அவித்த நிலக்கடலை, பயறு சேர்த்த புட்டு. நேந்திரம் பழத்தையே அவித்துக் கொடுத்தால் சிப்ஸ் எதற்கு? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப் பழம் இருக்க, கடையில் கவரைத் தேடவேண்டாம்.

கேள்வி: முந்திரிக்கொத்து எத்தனை தின்னலாம்? உள்ளே சிறுபயறுதானே?

பயறு வறுத்துப் பொடித்ததுதான், மறுப்பதற்கில்லை. கூடவே கருப்பட்டிப் பாகும், மேலே மாவும், எண்ணெயும் இருக்கிறதே! மூன்று உருண்டை சேர்ந்தது ஒரு கொத்து. ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரே ஓர் உருண்டை, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.