நார்வே வம்சாவளி அமெரிக்கர்கள் ஐந்து தலைமுறைக்குப் பிறகும் தங்களை நார்வேக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வது ஏன்? மூதாதையரை அவர்களால் உண்மையில் கண்டறிய முடிகிறதா?

நீங்கள் மினசோட்டாவிலோ விஸ்கான்சினிலோ வேலைக்கு வந்தவராக இருக்க வேண்டும். நார்வேயின் அரசமைப்பு நாளான மே 17 அன்று அலுவலகத்தில் யாரோ ஒருவர் சிவப்பு, வெள்ளை, நீல நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வியின் கீழே, "மொழியும் தெரியாது, அந்த நாட்டுக்குப் போனதும் கிடையாது, இது வெறும் வேடம்தானே?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வேடம்' என்ற சொல்லைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தென்காசிப் பக்கத்துப் பெண். என் கணவரின் முன்னோர் நார்வேயின் வால்ட்ரஸ் பள்ளத்தாக்கிலிருந்து தென்கிழக்கு மினசோட்டாவில் வந்து குடியேறியவர்கள். மாமனாருடன் சேர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த முன்னோரைத் தேடியவள் என்பதைத் தவிர இதைப் பற்றி எழுத எனக்கு வேறு தகுதி இல்லை. வரலாறு படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தலாம். வெள்ளைக்காரர்களின் வம்சாவளியில் உனக்கென்ன அக்கறை என்று என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். என் மகளுக்கு அது தகப்பன் வழி வம்சம். அவள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் 'ஏன்' என்பதற்கு வருகிறேன். 1825 ஜூலையில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டவ்ராஷன்' என்ற சிறிய பாய்மரக் கப்பலில் 52 பேர் புறப்பட்டு, வழியில் பிறந்த ஒரு குழந்தையையும் சேர்த்து 53 பேராக அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள். அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அவர்கள் பின்னால் வந்தார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடியாக மக்களை இழந்த நாடு நார்வேதான். மலையும் பாறையும் போக உழக்கூடிய நிலம் அங்கு மிகக் குறைவு. அதையும் மூத்த பிள்ளைக்கே கொடுக்கும் வழக்கத்தால், இளையவர்களும் நிலமற்றவர்களும் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகவே குடியேறினார்கள்: வால்ட்ரஸ்காரர் ஓரிடத்தில், சோங்ன் பகுதியினர் வேறிடத்தில், டெலமார்க் பகுதியினர் மற்றோரிடத்தில். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் கூடிப் பேச 1899இலேயே மினியாபொலிசில் வால்ட்ரஸ்காரர்கள் ஒன்றுகூடினார்கள். அதைப் பார்த்து மற்ற பள்ளத்தாக்குக்காரர்களும் தத்தமக்கெனச் சங்கங்கள் அமைத்தார்கள். ஆகவே என் மாமனார் "நான் நார்வேக்காரன்" என்று சொல்லும்போது ஓஸ்லோவில் இன்று வாழும் ஒருவரைப் போலத் தன்னைக் கருதுகிறார் என்று பொருளில்லை. தன்னுடைய தேவாலயமும், பக்கத்துப் பண்ணைக்காரர்களும், உணவுக்கு முன் சொல்லும் ஜெபமும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்.

மொழி தெரியாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள், அது எப்படிப் போயிற்று என்பதையும் அறிய வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1918 மே மாதத்தில், அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங் பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் தேவாலய வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசலாகாது என்று அறிவித்தார். எங்கள் குடும்பத்தின் பண்ணை அயோவா எல்லைக்குச் சில மைல் வடக்கே இருக்கிறது. அறிவிப்பு எல்லையோடு நின்றாலும் அச்சம் நிற்கவில்லை. மாமனாரின் தாத்தா அந்த ஆண்டிலிருந்து பிள்ளைகளிடம் நார்வேஜிய மொழியில் பேசுவதை நிறுத்திக்கொண்டதாகச் சொல்கிறார்கள். எஞ்சியது உணவு ஜெபம் ஒன்றுதான். அதை மாமனார் பொருள் அறியாமல், ஆனால் வால்ட்ரஸ் உச்சரிப்பு மாறாமல் சொல்வார்.

இனி, கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியும், ஆனால் குடும்பப் பெயரை நம்பித் தேடினால் முடியாது. எங்கள் குடும்பப் பெயர் பாக்கன். அதற்குச் சரிவான நிலம் என்று பொருள். நார்வேயில் சரிவு இல்லாத ஊரே கிடையாது என்பதால் அந்தப் பெயரில் இடங்களும் கணக்கில்லாமல் இருக்கின்றன. என் நாத்தனார் பத்து ஆண்டுகளாக 'பாக்கன்' என்று தட்டச்சு செய்து தேடிச் சோர்ந்துபோயிருந்தார். எனக்கு அது சில நாட்களிலேயே புரிந்ததற்குக் காரணம் என் அறிவன்று, என் கடவுச்சீட்டு. அதில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் தந்தையின் பெயர்; என் தந்தையின் பெயருக்கு முன்னால் இருந்தவை ஊரின் முதலெழுத்தும் அவருடைய தந்தையின் முதலெழுத்தும். நார்வேயின் கிராமங்களிலும் அப்படித்தான் வழங்கியது: க்னுட் என்பவரின் மகன் ஓலே என்றால் ஓலே க்னுட்சன், மகள் மாரித் என்றால் மாரித் க்னுட்ஸ்டாட்டர், அதன் பிறகு அவர்கள் குடியிருக்கும் பண்ணையின் பெயர். வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் கடைசிப் பெயரும் மாறிவிடும். நிலையான குடும்பப் பெயரை அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது 1923இல்தான். தாத்தாவின் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பதும் அங்கு எழுதப்படாத விதி. நம் மொழியில் பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்று நான் விளக்கியபோது, மாமனார் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எனவே அமெரிக்கப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் பழைய பதிவேட்டில் போதகர் ஒவ்வொருவரின் பிறந்த நாளையும், நார்வேயில் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதையும் எழுதி வைத்திருந்தார். மாமனாரின் கொள்ளுத்தாத்தா ஓலே க்னுட்சன் 1846இல் பிறந்தவர் என்பது நாளோடும் மாதத்தோடும் கிடைத்தது. அடுத்தது நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல் ஆர்க்கிவெட்' இணையதளம். திருச்சபைப் பதிவேடுகளின் படிமங்களும், 1801, 1865, 1875, 1900, 1910 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்குகளும் அங்கே ஒரு காசு கட்டாமல் கிடைக்கின்றன. தடை, எழுத்துதான். அந்தக் காலத்துக் கோதிக் கையெழுத்தில் 'இ' எழுத்து 'என்' போலவே இருக்கும். 'யு' எழுத்தை அடையாளம் காட்ட மேலே ஒரு சிறு வளைவு மட்டும் போட்டிருப்பார்கள். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை வாசிப்பது போல, சொல்லை ஊகித்த பிறகுதான் எழுத்து தெரியும். மூன்று மாதம் நான் ஞானஸ்நானப் பக்கங்களை மட்டுமே வாசித்துப் பழகினேன்.

அந்தத் திருச்சபையில் அந்த ஒரே ஆண்டில் மூன்று ஓலே க்னுட்சன்கள் பிறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் குழந்தையாகவே இறந்திருந்தார். மற்ற இருவரில் நம்மவர் யார் என்பதைப் பிறந்த நாளைக் கொண்டும், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவைக் கொண்டும், 1869 வசந்தத்தில் ஊரை விட்டுச் சென்றோர் பட்டியலில் 'அமெரிக்கா' என்று எழுதப்பட்டிருந்த வரியைக் கொண்டும் உறுதி செய்தோம். அப்போதுதான் பெயரின் கதையும் விளங்கியது. அவர்கள் பாக்கனில் வாழ்ந்தது பதினோரு ஆண்டுகள் மட்டுமே. அதற்கு முன் மூவன் என்ற இடத்தில் இருந்திருக்கிறார்கள். ஓலேயின் அண்ணன் அந்தப் பெயருடனேயே விஸ்கான்சின் சென்றுவிட்டார். கூடப்பிறந்த இருவரின் வாரிசுகள் நூற்றைம்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் அறியாமல், காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வாங்கும் ஒரு வம்சாவளி இணையதளத்தில் எங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவர், எங்கள் ஓலேயை அந்த இன்னொரு ஓலேயின் பெற்றோருடன் இணைத்து, அங்கிருந்து மேலே மேலே ஏறி வைக்கிங் அரசர் ஒருவரில் கொண்டுபோய் முடித்திருந்தார். அதை முப்பதுக்கும் மேற்பட்டோர் அப்படியே படியெடுத்திருந்தார்கள். பதிவேட்டுப் பக்கத்தின் படிமத்தை இணைத்து மூன்று முறை எழுதியும் அவரிடமிருந்தும் பதில் இல்லை, தளத்திடமிருந்தும் பதில் இல்லை. அரச பரம்பரை என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் அதற்காக உண்மையாக வாழ்ந்த ஒரு தாயையும் தகப்பனையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் அயலாரை வைப்பது பெரிய அநீதி. இதில் நான் மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் நினைக்கலாம். தங்கள் பாட்டியின் பெயரை ஒருவர் மாற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

உண்மையான தகப்பன் அரசர் அல்லர், பண்ணைக்கு உடைமையாளரும் அல்லர். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையில் பாக்கன் ஒரு பெரிய பண்ணை, நாற்பது மாடுகள் கட்டிய தொழுவம். 1865 குடிக்கணக்கில் க்னுட் ஓல்சன் என்ற பெயருக்கு எதிரே 'ஹூஸ்மன்' என்று எழுதியிருந்தது. பெரிய பண்ணையின் ஓரத்தில் குடிசை போடவும் சிறிது பயிரிடவும் இடம் பெற்று, அதற்கு ஈடாக உடைமையாளரின் வயலில் உழைத்துக் கொடுக்க வேண்டிய குடி என்பது அதன் பொருள். அந்தக் கணக்கெடுப்பில் கால்நடையும் விதையும்கூட எழுதப்பட்டதால் எல்லாம் தெரிந்தது: இரண்டு பசுக்கள், ஆறு செம்மறியாடுகள், விதைக்கு ஒரு பீப்பாய் உருளைக்கிழங்கு. மாமனார் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டுப் பேருக்கு இரண்டு பசு" என்று மட்டும் சொன்னார். அவர் ஐம்பது ஆண்டுகள் பால் கறந்து வாழ்ந்தவர்.

அடுத்த கோடையில் அவரை அழைத்துக்கொண்டு நாங்கள் வால்ட்ரஸ் சென்றோம். தேவாலயத் தோட்டத்தில் க்னுட்டின் கல்லறையில் வைக்க அவர் பூ வாங்கி வைத்திருந்தார். நார்வேயில் கல்லறைக்கான உரிமை நிரந்தரமானதன்று. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு உறவினர் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அங்கே பராமரிப்பவர் இதை மிகுந்த தயக்கத்துடன் சொன்னார். மூதாதையர் கல்லறையைத் தேடிச் செல்ல நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொண்டு செல்வது நல்லது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாக்கன் இருந்த இடத்தைப் பண்ணையின் இன்றைய உடைமையாளரான அம்மையார் காட்டினார். ஊசியிலை மரங்களுக்கு நடுவே அடித்தளக் கற்கள் நான்கு பக்கமும் பாசி பிடித்துக் கிடந்தன; அடுப்பு இருந்த மூலையில் கற்கள் சற்று உயரமாக இருந்தன. மாமனார் அங்கே புகைப்படம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூலையிலிருந்து பெரிய பண்ணை வீட்டு வாசல் வரை நடந்து, காலடிகளை எண்ணினார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம். க்னுட் நாள்தோறும் விடியலில் ஏறி, மாலையில் இறங்கிய மேடு அது. கொண்டுபோன பூவை அவர் அந்த அம்மையாரின் கையில் கொடுத்துவிட்டார்.

எதிர்ப்பு எழுப்பக்கூடியவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள்: வந்தேறிய நிலம் யாருடையது என்று. தெற்கு மினசோட்டா நிலங்கள் 1851 ஒப்பந்தங்களின் பெயரால் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கப்பட்டவை. அந்த ஒப்பந்தங்கள் எவ்வளவு நேர்மையற்றவை என்பது அறிந்ததே. மாமனார் தயாரித்த குடும்ப வரலாற்றுச் சிறுநூலில் அதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. வேர்களைத் தேடுகிறோம் என்று சொல்பவர் ஒரு பக்கத்து வேரை மட்டும் தோண்டக் கூடாது என்பது அவர் கருத்து, என் கருத்தும் அதுவே.

இந்த மரபைப் பேணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நவம்பர் மாதம் முதல் சனிக்கிழமை லெஃப்சே என்ற மெல்லிய நார்வே ரொட்டி செய்யும் நாள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் பாலேடும் சேர்த்து இரவு முழுவதும் குளிர வைத்து, மறுநாள் மாவு கலந்து, துணி போர்த்திய வட்டப் பலகையில் வரிவரியான கட்டையால் தேய்க்க வேண்டும். சப்பாத்திக் கட்டை பழகிய கைதானே என்று நான் துணிந்து உட்கார்ந்தேன். முதல் ஆண்டு ஒன்றுகூடக் கிழியாமல் வரவில்லை. பலகைத் துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லியதாக வர வேண்டும். பிறகு நீண்ட தட்டைக் குச்சியை நடுவில் செருகித் தூக்கிக் கல்லில் விரிக்க வேண்டும். அந்தக் குச்சி மாமனாரின் பாட்டியுடையது. நுனி கருகி, பிடிக்கும் இடத்தில் பெருவிரல் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. என் மகளின் விரல் அதில் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. இதை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சிறுநூலில் 'பாக்கன் பண்ணையின் உடைமையாளர்' என்று பழைய பதிப்பில் இருந்ததை மாமனார் அடித்துவிட்டு 'ஹூஸ்மன்' என்று அச்சிட்டார். அவருடைய அக்காவுக்கு அதில் மிகுந்த வருத்தம். குடும்பக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பிரிக்கவே இல்லை. விஸ்கான்சினிலிருந்து முதன்முறையாக வந்திருந்த மூவன் குடும்பத்தார் பதினாறு பிரதிகள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது நான் தேடுவது ஓலேயின் தங்கை மாரித்தை. 1875 குடிக்கணக்கில் அவர் பக்கத்துப் பண்ணையில் வேலைக்காரியாக இருக்கிறார். 1900 கணக்கில் அந்தத் திருச்சபையில் எங்கும் இல்லை. 1876 முதல் அடக்கப் பதிவுகளை ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டு 1883க்கு வந்திருக்கிறேன்.