கோவையில் எந்த வேலை கூடுது, எந்த வேலை குறையுது? – கேள்வி பதில்

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்ப்பது என் தொழில். மில், பட்டறை, ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி என்று கோவை மாவட்டத்து ஆள் பட்டியல்கள் மாதாமாதம் என் மேசைக்கு வருகின்றன. வேலைவாய்ப்பு பற்றிக் குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

சூலூர், எம்.ஏ. மாணவி: சார், 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வெச்சு ப்ராஜெக்ட் பண்றேன். கோவையில துணித் தொழில்ல ஆள் ரொம்பவே குறைஞ்ச மாதிரி வருது. சரிதானா?

அந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள் அம்மா. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் நம் கணக்கை விட்டுப் போயின. பனியன் கம்பெனி ஆட்களும் பல்லடத்துத் தறிக்காரர்களும் இருந்த இடத்தில் அதே வேலையைத்தான் பார்த்தார்கள், மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் போனவை. ஆகவே 2001இன் கோவை, ஈரோடு இரண்டையும் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள். 2011இன் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றையும் கூட்டி மறுபக்கம் வையுங்கள். அப்போதுதான் ஒரே நிலப்பரப்பை ஒப்பிட்டதாகும். கைடு கேட்டால் இதையே சொல்லுங்கள்.

ஒண்டிப்புதூர், மில் தொழிலாளி மகன்: அப்பா மில்லுல சைடு (நூற்கிற மெஷின்ல ஒரு பக்கம்) பார்த்தவருங்க. இனி மில் வேலைன்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்ல கதை முடிஞ்சுதா?

உங்கள் ஊர்க் கம்போடியா மில்லையே எடுத்துக்கொள்வோம். அதோடு சேர்த்து பங்கஜா, முருகன் என்று கோவையின் ஐந்து என்.டி.சி. (மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழக) மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. மறுபடி ஓட்டச் சொல்லிப் பல வருடமாகப் போராட்டம் நடந்தது. அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் வளாகத்துக்குள் இன்று லுலு மார்க்கெட் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தால் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் மாவட்டத்தில் நூல் நூற்பது நிற்கவில்லை. ஆள்தான் குறைந்தது. நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் பெண்கள் வரிசையாக நின்று அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட இடத்தில் இப்போது ஆட்டோகோனர் மெஷின் ஓடுகிறது, அதுவே நூலை ஒட்டிக்கொள்கிறது. ஸ்பின்னிங்கில் நூல் நிறைந்த பாபினைக் கழற்றும் டாஃபர் வேலையையும் புது மில்களில் மெஷின் எடுத்துக்கொண்டது.

மிச்சமிருக்கும் ஆட்களின் கணக்கில்தான் பெரிய வேடிக்கை. உங்கள் அப்பா காலத்தில் பதிலியாக (வராதவருக்கு மாற்று ஆளாக) சேர்ந்து, பிறகு மில்லின் நிரந்தர ஆள் பட்டியலில் ஏறுவார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில் ஹாஸ்டலில் தங்குகிற பையன் பெரும்பாலும் கான்ட்ராக்டர் ஆள். அந்தக் கான்ட்ராக்டரின் பி.எஃப். கோடு (பதிவு எண்) 'ஆள் வழங்கும் சேவை' என்று பதிவாகியிருக்கும். பையன் நிற்பது நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பக்கத்தில், கணக்கில் அவன் சேவைத் துறை! 'ஜவுளி சரிவு, சேவை வளர்ச்சி' என்று பேப்பரில் படிக்கும்போது இந்தப் பையன் இரண்டு பக்கத்திலும் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கணபதி, லேத் பட்டறை நடத்துபவர்: பட்டறை வேலை குறையுதுன்னு சொல்றாங்க. எனக்கானா போர்டு மாட்டியும் ஆள் சிக்க மாட்டேங்குது. எதுங்ண்ணா நெசம்?

ரெண்டுமே நிஜம்தானுங்க. பம்புசெட் பார்ட்ஸ் ஜாப் ஆர்டருக்கு ராஜ்கோட், அகமதாபாத் போட்டியில் ரேட் ஏறவே மாட்டேன் என்கிறது. அந்த ரேட்டில் நீங்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு உள்ளூர்ப் பையன் வர மாட்டான், பைக் இருந்தால் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விடுவான்.

கணக்கில் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது ஆனால் பி.எஃப். அதனால் இருபத்தைந்து பேர் இருக்கும் பட்டறை முதலாளி பெயரில் ஒன்று, சம்சாரம் பெயரில் ஒன்று, மச்சினன் பெயரில் ஒன்று என்று மூன்று போர்டாகிவிடும். ஒரே கேட், ஒரே கரண்ட் சர்வீஸ், ஒரே டீக்கடைப் பாக்கி. (யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகம் ஒன்றுதான் என்று அதிகாரி முடிவுசெய்தால் மூன்றையும் சேர்த்து பழைய பாக்கியோடு கேட்பார்.) அந்த இருபத்தைந்து பேரும் பி.எஃப். புள்ளிவிவரத்தில் இல்லவே இல்லை.

சரவணம்பட்டி வாசகர்: அப்ப நெசமாவே வளர்றது ஐ.டி. மட்டும்தானா?

ஐ.டி. வளர்கிறது, சந்தேகமில்லை. விளாங்குறிச்சி டைடல் பார்க் 2010இல் வந்த பிறகு உங்கள் பக்கம் எப்படி மாறியது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் படிப்பு குறைந்தவர்களுக்கும் சேர்த்து வேலை கொடுப்பது ஆஸ்பத்திரிகள்தான் என்பேன். நர்ஸ், லேப், பில்லிங், வார்டு வேலை, கேன்டீன், செக்யூரிட்டி என்று ஒரே கட்டடத்துக்குள் எல்லா நிலை வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். கேரளாவிலிருந்து நோயாளிகள் வருவதால் உள்ளூரில் வியாபாரம் மந்தமானாலும் அங்கே கூட்டம் குறைவதில்லை. சம்பளம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பொள்ளாச்சி வாசகர்: எங்க பக்கத்தை மறந்துட்டீங்களே?

மறக்கவில்லை. ஆனைமலை பக்கம் வேர்வாடல் நோய் வந்த தென்னந்தோப்புகளில் கூலி வேலை குறையத்தான் செய்யும். தென்னை நார் மில்களின் பாடு ஏற்றுமதி ஆர்டரைப் பொறுத்தது, வருடத்துக்கு வருடம் மாறும்.

நீலாம்பூர், மில் பணியாளர்: நான் வேலை செய்யறது மில்லுலங்க. ஆனா பி.எஃப். பாஸ்புக்குல ஏதோ சர்வீஸ் கம்பெனி பேர் இருக்குது. ஏமாத்தறாங்களா?

மேலே சொன்ன கதைதான். பெயர் வேறாக இருப்பதாலேயே அது தப்பாகிவிடாது. மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) பாஸ்புக்கில் பாருங்கள். சம்பளத்தில் பிடித்தும் ஏறவில்லை என்றால் கான்ட்ராக்டரோடு நிற்காமல் மில் ஆபீசுக்கும் எழுத்தில் கொடுங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் மில்தான் பொறுப்பு. சம்பளச் சீட்டு, கேட் பாஸ் இரண்டையும் எறியாமல் வையுங்கள். எந்த மில்லில் நின்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.