கடிகாரம் 118, விரல் 90: எது சரி?

கேள்வி: எனக்கு வயது 60. தினமும் காலையில் எங்கள் செம்பனைத் தோட்டச் சாலையில் வேகநடை போகிறேன். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலோல் சாப்பிடுகிறேன். நடக்கும்போது கைக்கடிகாரம் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118 என்று காட்டுகிறது. நின்று விரல் வைத்துப் பார்த்தால் 90தான். எதை நம்புவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நின்ற உடனே எண்ணியிருந்தால் விரலை நம்புங்கள். தாமதித்தால் அதுவும் ஏமாற்றும். நின்ற ஒரு நிமிடத்துக்குள்ளேயே நாடி மளமளவென்று இறங்கிவிடும்.

லோரி வராத ஓரமாக நின்று, உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு எலும்புக்கும் நரம்புபோல் புடைத்திருக்கும் தசைநாணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் நான்கு குறையும். கழுத்தில் அழுத்திப் பார்ப்பது வேண்டாம், தலைசுற்றும்.

கடிகாரம் தோலில் ஒளி பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. வார் தளர்ந்து, வியர்வையும் சேர்ந்தால் கைவீச்சையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். வேகநடையில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைப்பது சாதாரணம். உங்கள் 118 அதுவாகவே இருக்கலாம். நடந்தபடியே 15 விநாடி அடிகளை எண்ணுங்கள். 29, 30 வந்தால் சந்தேகம் உறுதி. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டிப் பாருங்கள்.

நடக்கும்போது துடிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, 220இல் வயதைக் கழித்து, அதில் 50 முதல் 70 விழுக்காடு என்பது பொதுக் கணக்கு. 60 வயதுக்கு 80 முதல் 112. ஆனால் அட்டெனோலோல் இதயத் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும் மருந்து. இந்தக் கணக்கை எட்டவேண்டுமென்று நடையை விரட்டாதீர்கள். மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. உங்களுக்குப் பேச்சுதான் நல்ல அளவுகோல்: பேசமுடிய வேண்டும், பாடமுடியக் கூடாது. வெயில் ஏறினால் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். உடல் சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்பவேண்டியிருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள்.

துடிப்பு விட்டுவிட்டு வந்தால் ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள், இசிஜி எடுப்பார்கள். நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டல் வந்தால் நாடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார்ந்து 999 அழையுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுமுட்டல் மட்டும் வரலாம்.