திருகோணமலைச் சந்தையில் கத்தரிக்காய்க்கு எவ்வளவு கேள்வி (வாங்குவோரின் தேவை) இருக்கிறது, கூடக் கொண்டுபோனால் விலை எவ்வளவு இறங்கும் என்று எப்படிக் கணிப்பது?

தம்பலகாமத்தில் ஒரு ஏக்கர் கத்தரி வைத்தால் டவுன் சந்தை தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது தம்பி, ஆனால் ஏ.எல். பொருளியலில் படித்த விலை நெகிழ்ச்சிச் சூத்திரத்தை (விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்ற கணக்கு) அப்படியே தூக்கிக்கொண்டு போனால் கணக்குப் பிழைத்துவிடும். நான் போய்ப் பட்டவன்.

எனக்கு நிலாவெளிப் பக்கம் சின்னத் தோட்டம். ஒரு சிறுபோகத்தில், விடிய நாலரைக்கே சந்தைக்குப் போய் எத்தனை மூடை கத்தரி இறங்குகிறது, கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒரு செவ்வாய் 40 மூடை, கிலோ 200 ரூபா. மறுநாள் 50 மூடை, 150 ரூபா. இரண்டு நாள் சராசரியை அடியாக வைத்தால் அளவு 22 சதவீதம் கூடியிருக்கிறது, விலை 29 சதவீதம் இறங்கியிருக்கிறது, நெகிழ்ச்சி 0.78, ஒன்றுக்குக் கீழே. காசாகப் பாருங்கள்: மூடைக்கு 30 கிலோ என்றால் செவ்வாய் எல்லாருக்குமாகச் சேர்ந்து 240,000 ரூபா, புதன் பத்து மூடை கூட வந்தும் 225,000. பறிகூலி, ஏற்றுக்கூலி வேறு.

கத்தரி பறித்தால் அன்றைக்கே தள்ளியாக வேண்டும், அதனால் அளவு முதலில் முடிவாகிவிடுகிறது, விலை அதன் பின்னால் போகிறது. ஆகவே நீங்கள் கேட்டதைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்: இன்னும் பத்து மூடை வந்தால் விலை எத்தனை ரூபா இறங்கும்?

சரி, எல்லா நாளையும் இந்தக் கணக்கில் போடலாமா என்றால் கூடாது, நான் மண் கவ்வியது இங்கேதான். வெள்ளிக்கிழமை, புரட்டாதிச் சனி, கந்தசஷ்டி நாட்களில் மரக்கறிக்குக் கேள்வியே கூடிவிடும், அன்று விலை ஏறுவதற்கும் வரத்துக்கும் சம்பந்தம் குறைவு. உங்களுக்கு வேண்டியது நிரம்பல், அதாவது சந்தைக்கு வரும் வரத்து, மட்டும் மாறிய நாட்கள். முதல் நாள் தோட்டத்தில் மழை பெய்து பறிக்க முடியாமல் போனது, லொறி வழியில் நின்றது, இப்படியானவை. வரத்தை மட்டும் அசைக்கிற காரணத்தை வைத்துக் கேள்வியைப் பிரித்தறியும் இந்த யோசனை புதிதல்ல, ஃபிலிப் ரைட் என்ற பொருளியலாளர் 1928இலேயே எழுதிவைத்தது.

அப்புறம் தம்புள்ளை, பெரிய மரக்கறி மொத்தச் சந்தை இருக்கிற ஊர். அதை விட்டுவிட்டுத் திருகோணமலையில் எந்த மரக்கறிக்கும் கணக்குப் போட முடியாது. இங்கே விலை ஏறி, தம்புள்ளை விலையோடு லொறிக்கூலியும் கழிவும் சேர்ந்த தொகையைத் தாண்டினால் கந்தளாய் வழியாக மறுநாளே சரக்கு வந்து இறங்கும், அதற்கு மேல் உங்களால் ஒரு ரூபா கூட்ட முடியாது. இங்கே படு மோசமாக விழுந்தால் இங்குள்ள வியாபாரியே வாங்கி அங்கே ஏற்றுவார், ஆனால் நல்ல காய் மட்டும்தான் எடுப்பார். நான் சொன்ன 0.78 எல்லாம் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் செல்லும். ஆகவே முதலில் அந்த இரண்டு விலையையும் கண்டுபிடியுங்கள். தம்புள்ளை மொத்த விலையை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது, லொறிக்கூலியைச் சந்தையில் எந்தச் சாரதியைக் கேட்டாலும் சொல்வார்.

கொப்பியில் விலை, மூடைக் கணக்கோடு இன்னொரு பத்தியும் போடுங்கள்: அன்று கடலுக்குப் போனார்களா இல்லையா. வாடைக்காற்றிலும் மழையிலும் வள்ளம் இறங்காவிட்டால் மீன் விலை ஏறி, சனம் கத்தரிக்கும் பயிற்றைக்கும் திரும்பும், அதே மழை தோட்டத்தையும் அழுகவைக்கும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் விலை ஏறியது எதனால் என்று பிரிக்கவே முடியாது. நான் அந்தப் பத்தியைப் போடவில்லை. மார்கழியில் எழுதிய பக்கங்களைப் பிறகு மனைவி கடலை சுற்றக் கிழித்துவிட்டா.