கனடாவில இருந்து வந்த மஞ்சள் கவுண்

கேள்வி: நான் ஏ.எல். படிக்கிறன், வாற மாதம் எங்கட வகுப்பு பிரியாவிடை. கனடா மாமி தன்ர மகள் பிறோமுக்கு (அங்கத்தைய பள்ளிக்கூடப் பிரியாவிடை நடன விருந்து) போட்ட வெளிர் மஞ்சள் கவுணை அனுப்பியிருக்கிறா. நிலத்தில இழுபடுற நீளம், கையும் இல்லை. நான் கறுப்பு, மஞ்சள் எடுபடாது எண்டு அம்மம்மா சொல்லுறா. என்ன செய்யலாம் அக்கா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, அம்மம்மா மற்றதெல்லாம் சரியாத்தான் சொல்லுவா, இதில மட்டும் கேளாதேங்கோ. கறுப்பு நிறத்துக்கு வெளிர் மஞ்சள் நல்லா எடுக்கும், முகத்துக்கு வெள்ளைப் பவுடரை அப்பினாத்தான் கெடும்.

நீளத்தை வெட்டமுதல் அண்டைக்குப் போடப்போற செருப்பைப் போட்டுக்கொண்டு நிண்டு அளவெடுங்கோ, கணுக்கால் தெரியிற அளவுக்கு ஏத்தினா நல்லம், ஏனெண்டா எங்கட கிரவல் ரோட்டுப் புழுதி இந்த நிறத்தில அப்பிடியே தெரியும், மோட்டச்சைக்கிளில போறதெண்டா சில்லுக்குள்ள சிக்குற பயமும் இருக்கு. வெட்டின துணியை எறியாமல் தைக்கிற அக்காட்டக் குடுத்தா அதிலயே சின்னக் கை வைச்சுத் தருவா, பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் கதை சொல்லேலாது.

உள்ளுக்கு வெள்ளைப் பாவாடை வேண்டாம், போட்டோ பிளாஷில பளிச்செண்டு தெரியும், உடம்பு நிறத்தில லைனிங் போடுங்கோ. அம்மான்ர தங்கச் சங்கிலி மஞ்சளோட மஞ்சளா மறைஞ்சுபோகும், பச்சைக்கல்லுத் தோடு ஒரு சோடி காணும், கழுத்து வெறுமையா இருக்கட்டும். தலைக்கு மல்லிகையை விட கனகாம்பரம் என்ர விருப்பம்.

அயன் பண்ணேக்க மேல ஒரு பருத்தித் துணி போட்டு, குறைஞ்ச சூட்டில பண்ணுங்கோ.