ஃபோல்டிங் சைக்கிளுக்கு எந்த மீட்டர் சரிப்படும்?

கேள்வி: அண்ணா வணக்கம். சிங்கப்பூர் ஈஷூன்ல இருந்து எழுதுறேன். 20 இஞ்ச் ஃபோல்டிங் சைக்கிள் ஒண்ணு வாங்கிருக்கேன், பாதி தூரம் எம்ஆர்டி மெட்ரோ ரயில்ல, மீதி தூரம் பார்க் கனெக்டர்ல (பூங்காக்களை இணைக்குற நடை, சைக்கிள் பாதை) ஓட்டி வேலைக்குப் போறேன். பழைய ரோட் பைக்ல இருந்த, வேகம் காட்டுற வயர்லெஸ் மீட்டரைக் கழட்டி இதுல மாட்டினேன். அதுல அருமையா ஓடின மீட்டர் இதுல திடீர் திடீர்னு பூஜ்யம் காட்டுது. ஒழுங்கா காட்டுற நேரத்துலயும், கூட வர்ற ஃப்ரெண்டுக்கு மணிக்கு 20 கி.மீ.னா எனக்கு 28னு வருது. பேட்டரியும் மாத்திப் பாத்தாச்சு. புதுசு வாங்கணும்னா எது வாங்கலாம்? ஜிபிஎஸ் எடுத்தா சென்சாரே வேண்டாம்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: தம்பி, உங்க மீட்டர் கெட்டுப் போகல. உங்களுக்கு இருக்குறது ரெண்டு தனித்தனி பிரச்சினை, ஒண்ணோட ஒண்ணுக்கு சம்பந்தமே இல்ல.

முதல்ல அந்த 28. மீட்டருக்கு வேகம்னா என்னன்னு தெரியாது, சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணி அதை நீங்க செட் பண்ணி வச்ச சக்கரச் சுற்றளவால பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். ரோட் பைக்ல 700x25 டயருக்கு 2105 மி.மீ.னு போட்டிருப்பீங்க. 20 இஞ்ச் சின்ன சக்கரத்துக்கு அது 1500-ஐ ஒட்டி வரும். 2105-ஐ 1500-ஆல வகுத்தா 1.4, அதான் 20 போற இடத்துல 28 காட்டுது. பார்க் கனெக்டர்ல மணிக்கு 25 கி.மீ., நடைபாதைல 10ன்னு லிமிட் இருக்குற ஊர்ல இந்த நம்பர் சரியா இருக்குறது முக்கியம்.

செட் பண்றதுக்கு பாக்ஸ்ல வர்ற அட்டவணையை நம்பாதீங்க. 20 இஞ்ச்னு ரெண்டு சைஸ் இருக்கு, டயர் ஓரத்துல 40-406 (டயர் அகலம்-ரிம் விட்டம், மி.மீ.ல) மாதிரி போட்டிருந்தா ஒண்ணு, 28-451 மாதிரி போட்டிருந்தா அது வேற, ரெண்டுக்கும் சுற்றளவு ஒண்ணு இல்ல. டயர்ல வழக்கமா அடிக்கிற காத்தை அடிச்சுட்டு, வால்வு சரியா கீழ வர்ற இடத்துல தரையில சாக்பீஸால கோடு போடுங்க, சைக்கிள் மேல உக்காந்தபடியே நேரா அஞ்சு சுத்து உருட்டி வால்வு திரும்பக் கீழ வந்ததும் இன்னொரு கோடு, நடுவுல இருக்குற தூரத்தை அளந்து அஞ்சால வகுங்க. உக்காந்துதான் உருட்டணும், ஏன்னா உங்க எடைக்கு டயர் கொஞ்சம் அமுங்கும், சின்ன சக்கரத்துல அந்த வித்தியாசம் இன்னும் நல்லாவே தெரியும்.

இப்போ பூஜ்யம். உங்க பழைய மீட்டர் அனலாக் வகையா இருக்கும், ஃபோர்க்ல (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற கவை) இருக்குற சென்சார்ல இருந்து ஹேண்டில்பார் வரைக்கும் 60, 70 செ.மீ. தூரம்தான் சிக்னல் போய்ச் சேரும். ரோட் பைக்ல சக்கரம் பெருசு, ஹேண்டில்பார் தாழ்வு, அதனால ரெண்டும் கிட்டக்க இருந்துச்சு. ஃபோல்டிங்ல அப்படியே தலைகீழ், சக்கரம் கீழ கிடக்கு, ஹேண்டில்பாரைத் தாங்குற ஹேண்டில்போஸ்ட் நீட்டமா மேல நிக்குது, டேப் வச்சு அளந்து பாருங்க 70-ஐத் தொட்டுட்டு நிக்கும். அந்த எல்லைல பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் சிக்னல் விட்டுப் போகும், பக்கத்துலயே மலிவான எல்இடி லைட் மாட்டியிருந்தா அது போடுற மின் இரைச்சல்ல நின்ன இடத்துல 80 கூட காட்டும். சென்சாரை ஃபோர்க்ல எவ்வளவு மேல ஏத்த முடியுமோ ஏத்தி, ஸ்போக்ல இருக்குற காந்தத்துக்கும் அதுக்கும் நடுவுல 5 மி.மீ.க்குள்ள வச்சு ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. சில சைக்கிள்ல இதுலயே சரியாயிடும், அப்போ காசு மிச்சம்.

வாங்குறதுன்னா என் அபிப்பிராயம் இதுதான்: ஃபோல்டிங் சைக்கிளுக்கு அனலாக் வயர்லெஸ் வாங்கவே வாங்காதீங்க, எவ்வளவு மலிவா கிடைச்சாலும் சரி. ஆன்ட் பிளஸ் (ANT+) இல்லன்னா ப்ளூடூத்னு டிஜிட்டலா சிக்னல் அனுப்புற சென்சாரோட பேசுற மீட்டரா எடுங்க. அந்த சிக்னல் சில மீட்டர் தூரம் போகும், அதனால சென்சாரைப் பின் சக்கரத்துல கூட மாட்டலாம். காந்தமே இல்லாம ஹப்ல, அதாவது சக்கரத்தோட மையத்துல, ரப்பர் பட்டையால கட்டுற சென்சார் இப்போ கார்மின், மஜீன்னு நிறைய பேர் போடுறாங்க. ஃபோர்க்ல எதுவும் நீட்டிக்கிட்டு இருக்காது, மடக்கும்போது இடிக்காது, காந்தம் நகந்து போச்சான்னு குனிஞ்சு பாக்குற வேலையும் இல்ல.

ஆனா ஹப்பை அளக்காம வாங்கிடாதீங்க. நிறைய ஃபோல்டிங்ல முன் ஹப் அகலம் 74 மி.மீ. தான், சாதாரண சைக்கிள்ல 100. ரெண்டு பக்க ஸ்போக் வரிசைக்கு நடுவுல இடம் ரொம்ப குறுகலா இருக்கும், சென்சார் உள்ள உக்காராம ஸ்போக்ல உரசும். லைட்டுக்கு கரன்ட் தர்ற டைனமோ ஹப்னாலோ பின்னாடி கியர் உள்ளயே இருக்குற இன்டர்னல் கியர் ஹப்னாலோ உடம்பு தடிமனா இருக்கும், பட்டை எட்டாது. அப்படின்னா காந்தம் வச்ச டிஜிட்டல் சென்சார்தான் ஒரே வழி. அதைக் கட்டும்போது பிளாஸ்டிக் கேபிள் டை-யை உடனே இறுக்கிடாதீங்க, டேப்பால ஒட்டி சைக்கிளை முழுசா ஒருக்கா மடக்கி விரிச்சுப் பாத்துட்டு அப்புறம் இறுக்குங்க.

ஜிபிஎஸ் கேட்டீங்கள்ல. சென்சார் இல்லாம ஓடும், உண்மைதான், சுற்றளவு செட் பண்ற வேலையும் இல்ல. ஆனா உங்க ரூட்ல மரம் அடர்ந்த பார்க் கனெக்டர், எம்ஆர்டி பாலத்துக்கு அடியில, அண்டர்பாஸ்னு வானம் மறையுற இடம் நிறைய. அங்கெல்லாம் வேகம் தடுமாறும், மெதுவா போறப்போ ரொம்பவே. சென்சாரும் சேத்துக்குற ஜிபிஎஸ் மீட்டரா எடுத்து ஒரு ஸ்பீட் சென்சாரை இணைச்சுட்டா அந்தக் கவலை இல்ல, ரூட்டும் பதிவாகும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ப்ளூடூத்ல சில சென்சார் ஒரு நேரத்துல ஒரு ஆளோடதான் பேசும், போன் ஆப் அதைப் பிடிச்சு வச்சிருந்தா மீட்டருக்குக் கிடைக்காது.

எம்ஆர்டி கேட் கிட்ட மடக்குறதுக்கு முன்னாடி மீட்டரைக் கழட்டிப் பைல போட்டுடுங்க. ஃபோல்டிங்ல ஹேண்டில்பார் கீழ சாயுறப்போ தரைல, தூண்ல, பக்கத்துல நிக்கிறவர் கால்லனு முதல்ல இடிபடுறது அந்த ஸ்கிரீன்தான். கால்வாசி சுத்து திருப்பினாலே கழலுற மவுன்ட்டா பாத்து வாங்குங்க.

கேள்வி: போன் இருக்கும்போது தனியா மீட்டர் எதுக்கு சார்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: எப்பவாவது ஓட்டுறீங்கன்னா போன் போதும், ப்ளூடூத் ஸ்பீட் சென்சாரை போன் ஆப்லயே இணைச்சுக்கலாம். தினமும்னா வேண்டாம். வெயில்ல ஸ்கிரீன் தெரியணும்னு பிரைட்னஸ் ஏத்துவீங்க, பேட்டரி கரையும், சூடும் ஏறும். சின்ன சக்கரம் குழியோட ஆட்டத்தை அப்படியே ஹேண்டில்பாருக்குக் கடத்தும், விலை உயர்ந்த போனை அங்க மாட்டி வைக்க எனக்கு மனசு வராது. போன் பைல இருந்து ரூட்டைப் பதிவு பண்ணட்டும், கண்ணு முன்னாடி சின்ன மீட்டர் இருக்கட்டும்.