சொன்ன குழந்தையை முதலில் நம்புங்கள்

அன்புச் சகோதரிக்கு, டியூஷன் ஆசிரியர் தகாத முறையில் தொட்டதாக உங்கள் 13 வயது மகள் சொன்னதையும், காவல் நிலையம் போனால் ஊர் பேசும் என்று வீட்டார் தடுப்பதையும் எழுதியிருந்தீர்கள். அவளை நம்புகிறீர்கள் என்று இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவ வேண்டாம். பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும். அவள் பெயரோ பள்ளியோ செய்தியில் வரக் கூடாது. எங்கள் உறவுக் குழந்தைக்கு இப்படி நேர்ந்தபோது, சுடிதாரில் வந்த அதிகாரி பாயில் அருகே அமர்ந்து, அவள் பென்சில் சீவி முடிக்கும்வரை காத்திருந்துதான் பேச்சைத் தொடங்கினார். சம்பவத்தன்று உங்கள் மகள் அணிந்திருந்த உடையைச் சான்றுக்காகத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். தெரிந்தும் புகார் தராமல் மறைப்பது சட்டப்படி குற்றம் என்பதை வீட்டாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.